கதவைத் திறந்து வைப்பதா, கூடவே உட்காருவதா?

வடசென்னையில் ஓர் இரவுப் பாடசாலையின் மாடியில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு சன்னல், ஒரு சீலிங் ஃபேன், பக்கத்திலேயே ரயில் பாதை. பாடசாலையை நடத்துகிற அக்கா போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "நம்ம பசங்க பூரா போன்லயே பாடிப் பதிஞ்சு போட்டுக்கிட்டு இருக்காங்க. இந்த ரூம்ல ஒரு ஸ்டுடியோ போட்டுக் கொடுத்தா என்னப்பா?" என்று கேட்டார். டிரஸ்ட்டில் கொஞ்சம் பணம் இருக்கிறது. சனி, ஞாயிறு வந்து போக இசை தெரிந்த மூன்று பேர் ஒத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளிடம் காசு வாங்கப் போவதில்லை. இந்த அறையை எப்படி நடத்துவது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு முடியவில்லை.

இதற்கு முன் நான்கு வருடம் வேறோர் இலவச ஸ்டுடியோவில் பிள்ளைகளோடு இருந்தேன். அங்கே கற்றதையும், வெளிநாடுகளில் இதே வேலையைச் செய்கிறவர்களின் முறைகளைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து நான்கு வழிகளை இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அறை காலியாக இருந்தால் உதவலாம்.

முதலில் சாமான்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், பல பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டு மைக் போடக்கூடிய ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி), யாரோ பயன்படுத்திக் கொடுத்த ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஹெட்போன், ஒரு ஜோடி ஸ்பீக்கர், மைக் ஸ்டாண்டு. ஒரு பைக் வாங்குகிற காசுக்குள் முடிந்துவிடும். விலை உயர்ந்த கண்டென்சர் மைக் வேண்டாம் என்பது என் கட்சி. அது 48 வோல்ட் மின்சாரம் வாங்கிக்கொண்டு பாடுகிறவரின் மூச்சைக்கூடப் பிடிக்கும். கூடவே கீழ்வீட்டு மிக்சியையும் பாதையில் போகிற மின்சார ரயிலையும் பிடித்துக்கொண்டு வரும். 1966-இல் வந்து இன்றைக்கும் மேடைக்கு மேடை நிற்கிற ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளி வைத்தால் அறையின் குறைகள் பாதி மறைந்துவிடும். பதியும்போது ஃபேனை நிறுத்தியாக வேண்டும். சித்திரை வெயிலில் அந்த அறையில் ஃபேன் இல்லாமல் ஒரு பிள்ளை எத்தனை டேக் பாடும் என்பதும் கணக்கில் வர வேண்டும். மென்பொருளில் அடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் காசில்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் சிறிய கட்டணம்தான்.

உண்மையில் எடை போட வேண்டியது நேரத்தை. சனி, ஞாயிறு காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை திறந்தால் வாரத்துக்கு 16 மணி நேரம். சொல்லிக்கொடுக்க மூன்று பேர் வந்தாலும் அறை ஒன்றுதான், ஒரே நேரத்தில் ஒரு பாட்டைத்தான் பதிய முடியும். அந்த 16 மணி நேரத்தை எந்தப் பிள்ளைக்கு, எந்த விதத்தில் கொடுப்பது?

யார் வந்தாலும் வரட்டும்

முதல் வழி, கதவைத் திறந்து வைப்பது. பேர் கொடுக்க வேண்டாம், தேர்வு வேண்டாம். வருகிற பிள்ளை வரிசையில் உட்காரும், முறை வந்ததும் பாடும். அமெரிக்காவில் 2006-இல் சான்டா பார்பராவில் தொடங்கிய நோட்ஸ் ஃபார் நோட்ஸ் என்ற அமைப்பு இந்த வகை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து சேருகிற சிறுவர் மன்றக் கட்டடங்களுக்கு உள்ளேயே ஸ்டுடியோ அமைத்து, கருவிகளையும் பதிவறையையும் இலவசமாகத் திறந்து விடுகிறார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கு ஸ்டுடியோ போகிறது என்பது இதன் பலம். எங்கள் அறைக்கும் அந்தப் பலம் உண்டு. கீழே சாயங்காலம் கணக்கும் இங்கிலீஷும் படிக்க வருகிற பிள்ளைகள்தான் மேலே வரப்போகிறார்கள்.

நான் முன்பு இருந்த இடத்திலும் இதே முறைதான். அதனால் இதன் நல்லதும் கெட்டதும் எனக்குக் கையிருப்பு.

நல்லதை ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். பதினான்கு வயது இருக்கும். மூன்று வாரம் தொடர்ந்து வந்தான், உள்ளே வரவே இல்லை. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நிற்பான். உள்ளே பாட்டு ஓடினால் நிலைச்சட்டத்தில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே இருப்பான். "வாடா, பாடுறியா?" என்றால் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவான். நான்காவது வாரம் ஒரு கானா பாட்டை மிக்ஸ் செய்துகொண்டிருந்தோம். டோலக், புல்புல்தாரா, குரல், அவ்வளவுதான். ஏதோ ஓர் இடத்தில் பாட்டு தடுமாறுகிறது, எங்களுக்குப் பிடிபடவில்லை. குரலைச் சந்தேகப்பட்டு அதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தோம். வாசலிலிருந்து அவன், "ரெண்டாவது சரணத்துல டோலக்கு ஓடுதுணா" என்றான். பார்த்தால் அதேதான். டோலக் வாசித்தவர் இரண்டாவது சரணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றியிருக்கிறார். குரல் தன் இடத்திலேயே இருக்கிறது. அவனைக் கூப்பிட்டு டோலக்கைக் கையில் கொடுத்தோம். தேர்வு வைத்து ஆள் எடுக்கிற எந்தத் திட்டத்திலும் இந்தப் பையன் பேர் கொடுத்திருக்க மாட்டான். திறந்த கதவுதான் அவனைக் கொண்டுவந்தது.

கெட்டது என்னவென்றால், ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால் எட்டு மணி நேரத்தில் தலைக்கு 24 நிமிடம். ஹெட்போன் மாட்டி, மைக் உயரம் சரிசெய்து, சத்தம் பார்த்து, பீட்டை ஏற்றி முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மீதியில் ஒரு பல்லவி பாடலாம். அடுத்த வாரம் மறுபடியும் ஒரு பல்லவி. நான்கு வருடத்தில் எங்கள் கம்ப்யூட்டரில் பாதியில் நின்ற ஃபைல்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன. 'புதுசு 2', 'அம்மா பாட்டு', 'டெஸ்ட் கடைசி' என்று பேர். முடிந்த பாட்டுகள் மிகக் குறைவு. வரிசை என்றால் முந்துகிறவர்களுக்குத்தான் முறை வரும் என்பதையும் அங்கே கண்ணால் பார்த்தேன். வாய் பெரிதாக இருக்கிற, நண்பர் கூட்டத்தோடு வருகிற பையன்களுக்கு மைக் கிடைக்கும். பெண்பிள்ளைகள் நாலரை மணிக்கே வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். முறை வருவதற்குள் போய்விடுவார்கள்.

இன்னொன்று, நேரம் குறைவாக இருந்தால் பெரியவர்கள்தான் மௌஸைப் பிடிப்பார்கள். அவசரத்தில் நானே வெட்டுவேன், நானே ஒட்டுவேன், நானே சத்தம் ஏற்றி இறக்குவேன். பிள்ளை பாடிவிட்டுப் போகும், எப்படிப் பதிந்தோம் என்று அதற்குத் தெரியாது. அது சேவையாக இருக்கலாம். கற்றுக்கொடுத்தல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஏழு நாள் முகாம்

இரண்டாவது வழி விடுமுறை முகாம். 2001-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு ராக் இசை முகாம் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் கருவியைக் கையில் எடுத்து, குழு சேர்ந்து, சொந்தமாகப் பாட்டு எழுதி, கடைசி நாள் மேடையில் பாடிவிட வேண்டும். அது அப்புறம் பல நாடுகளில் பரவியது. கெடு இருப்பதால் பாட்டு முடிந்துவிடுகிறது. திறந்த கதவில் நான் பார்க்காத விஷயம் இது.

எங்கள் பக்கத்தில் முகாமுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. "வாரா வாரம் சனிக்கிழமை மாடிக்குப் போறேன்" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். "மே மாசத்துல ஏழு நாள், காலையில பத்துலேர்ந்து மூணு வரைக்கும், டீச்சரக்கா கூடவே இருப்பாங்க" என்றால் அனுப்புவார்கள். கானா இன்றைக்கும் பெரும்பாலும் ஆண்களின் இடம்தான். ராயபுரத்திலிருந்து வந்த இசைவாணி கானா பாடகியாக அறியப்பட்டு, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றபோது எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் போனில் காட்டிக் காட்டிப் பார்த்தார்கள். அவர் மாதிரி பாட வேண்டும் என்று சொல்கிற பெண்பிள்ளைகள் உண்டு. அவர்கள் முதல் தடவை மைக் முன் நிற்கும்போது பக்கத்தில் பையன்கள் கூட்டம் நின்று சிரிக்காத ஓர் இடம் வேண்டும். முகாம் அதைத் தரும். மே மாதம் கீழே வகுப்பறைகளும் காலி. நான்கு குழு நான்கு அறையில் பயிற்சி எடுத்துக்கொண்டு, முறை வைத்து மாடிக்கு வரலாம்.

எட்டாவது நாள் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. மேடையில் கைதட்டு வாங்கிய பிள்ளை அடுத்த திங்கட்கிழமை யாரிடம் போய் இரண்டாவது பாட்டைக் காட்டும்? முகாமை மட்டும் நடத்துவது, விளக்கை ஏற்றிக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போவது மாதிரி எனக்குப் படுகிறது. தொடர்ச்சி ஒன்று பின்னால் இருந்தால் முகாம் நல்ல வாசல்.

பையில் போகிற ஸ்டுடியோ

மூன்றாவது வழியை எங்களில் ஒருவர், பறை வாசிப்பவர், விடாமல் வற்புறுத்துகிறார். அறையே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பாடுகிற இடத்துக்கே போவோம் என்கிறார். கனடாவின் கியூபெக்கில் 2004-இல் மனோன் பார்போ என்ற படக்கலைஞர் அங்குள்ள பூர்வகுடி அமைப்புகளோடு சேர்ந்து தொடங்கிய வாபிகோனி மொபைல் இப்படித்தான். வீடு போல அமைந்த வண்டிகளை ஸ்டுடியோவாக மாற்றி, தூரத்துப் பூர்வகுடி ஊர்களுக்கு ஓட்டிப்போய், அங்கேயே சில வாரம் தங்கி, இளைஞர்களோடு படமும் பாட்டும் எடுக்கிறார்கள்.

அவர் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. பறையைத் தீயில் காய்ச்சித்தான் சத்தம் ஏற்ற வேண்டும். மாடி அறையில் தீ மூட்ட முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று பறை சேர்ந்து அடித்தால் சுவரில் மோதித் திரும்புகிற சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மைக்கில் இரைச்சல்தான் மிஞ்சும். வெட்டவெளியில் பதினைந்து அடி தள்ளி ஒரு கையடக்க ரெக்கார்டரை வைத்தால் அடிக்குச்சியின் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற தெருக்களில் வாசிக்கிற பிள்ளைகள், துக்க வீட்டில் இரவு முழுக்க மரண கானா பாடுகிற அண்ணன்களோடு உட்கார்ந்து கோரஸ் எடுக்கிற பிள்ளைகள், இவர்கள் பாட்டுக்கு உயிரே அந்த இடம்தான்.

ஆனாலும் எங்கள் முதல் வருடத்துக்கு இது ஒத்துவராது என்று நினைக்கிறேன். வாபிகோனி வண்டி ஓர் ஊரில் வாரக்கணக்கில் தங்குகிறது. நாங்கள் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவோம். அப்படிப் போனால் பதிவு கிடைக்கும், பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிற வாய்ப்பு கிடைக்காது. பாடச் சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறவர்களை அந்தத் தெருக்கள் நிறையப் பார்த்திருக்கின்றன. துக்க வீட்டில் மைக் வைப்பதற்கு அந்தக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அப்புறம், தெரு ஒன்றும் அமைதியான இடம் இல்லை. அங்கே ஒரு பாட்டைக் கேட்கும்படி பதிவதற்கு அறையில் பதிவதை விட அதிகத் தேர்ச்சி வேண்டும். இரண்டாம் வருடம், அறையில் கற்ற பிள்ளைகளே பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் தெருவுக்குப் போகட்டும். பறை வாசிக்கிற நண்பர் இதற்கு அரை மனசோடு தலையாட்டியிருக்கிறார்.

கூடவே உட்காருவது

நான்காவது வழி, சில பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே வழிகாட்டி ஒரே பிள்ளையோடு ஒரு பாட்டு முடிகிறவரை உட்காருவது. எண்ணிக்கை குறையும், நாள் கூடும். சென்னையிலேயே நீண்ட காலப் பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியோடு இணைந்த சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, வசதியில்லாத பிள்ளைகளுக்கு வயலின் போன்ற தந்திக் கருவிகளை வருடக்கணக்கில் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. அது பெரிய இடம், நோக்கமும் வேறு. ஆனால் பிள்ளையை நடுவில் விடாமல் வைத்திருப்பது என்பதில் அங்கே கற்க விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் டென்வரில் ஃப்ளோபாட்ஸ் என்ற இசைக்குழுவினர் தொடங்கி வளர்ந்த யூத் ஆன் ரெக்கார்ட் அமைப்பிலும், ஊரில் தொழிலாக இசை செய்கிறவர்களே சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தச் சம்பளம் என்ற சொல்லுக்கு அப்புறம் திரும்பி வருகிறேன்.

என் ஓட்டு இந்த வழிக்குத்தான். ஆனால் ஒரு திருத்தத்தோடு.

சத்தம் போகாமல் அடைத்த அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக உட்காரக் கூடாது. யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்த அமைப்பும் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் விதி அது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ஆம் ஆண்டில் வந்த போக்சோ சட்டம் இருக்கிற நாட்டில் அதை எழுதி வைக்காமல் ஒரு ஸ்டுடியோவைத் திறக்கவே கூடாது. அப்படியானால் ஒருவருக்கு ஒருவர் என்ற முறை அடிபடுகிறதே என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். விடை எளிதாக இருந்தது. ஒரு வழிகாட்டிக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளை பாடும்போது இன்னொரு பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும். சிவப்புப் பட்டனை அழுத்துவதும், "இன்னொரு டேக் போலாமா?" என்று கேட்பதும், எந்த டேக்கை வைப்பது என்று சொல்வதும் அந்தப் பிள்ளை. அப்புறம் இடம் மாறுவார்கள். வழிகாட்டி பின்னால் ஒரு ஸ்டூலில். மௌஸ் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். பாதுகாப்புக்காக வைத்த விதியே கற்றுக்கொள்வதற்கும் நல்ல வழியாக அமைந்துவிட்டது.

நேரக் கணக்கு இப்படி வருகிறது. ஒரு நாளின் எட்டு மணி நேரத்தில் மூன்று மணி நேரமாக இரண்டு வேளை, ஆக வாரத்துக்கு நான்கு வேளை எடுக்கலாம். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஐந்தாவது, சின்ன வேளை. மீதி இரண்டு மணி நேரம் பெருக்கி, கேபிள் சுருட்டி, ஃபைல் நகல் எடுக்க. நான்கு வேளை நான்கு ஜோடிகளுக்கு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒரு சுற்று, அக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குப் பதினாறு வாரம் என்று வைத்தால் ஒரு ஜோடிக்கு 48 மணி நேரம், ஆளுக்கு ஒரு பாட்டு. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் விடுமுறை விட்டாலும் நாற்பது மணி நேரம் தேறும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பரீட்சை. பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளை அப்போது மாடிக்குக் கூப்பிடுவது பாவம். வருடத்துக்குப் பதினாறு பிள்ளைகள், பதினாறு முடிந்த பாட்டுகள். திறந்த கதவில் நோட்டுப் புத்தகத்தில் நூறு பெயர் சேர்ந்திருக்கும். நன்கொடை கொடுக்கிறவர்கள் அந்த நூறைத்தான் கேட்பார்கள். அவர்களை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு பாட்டைப் போட்டு, அதைப் பதிந்த பிள்ளையையே எப்படிப் பதிந்தேன் என்று சொல்லவைப்பது நல்லது. அதைக் கேட்டும் நூறு வேண்டும் என்பவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை.

இந்த முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஒரே வழிகாட்டியோடு நான்கு மாதம் இருந்தால் பிள்ளையின் பாட்டில் வழிகாட்டியின் ருசி ஏறிவிடும். நான் கர்நாடக சங்கீதம் படித்து, அப்புறம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். ஒரு பையன் பாடிய கானாவில் சில இடங்களில் சுதி சற்றுத் தாழ்ந்து, இழுத்து, வழுக்கி மேலே ஏறும். எனக்கு அது பிசகாகத் தெரிந்தது. அவன் போன பிறகு உட்கார்ந்து, மென்பொருளில் ஒவ்வொரு சுரத்தையும் நேராக்கி வைத்தேன். மறுவாரம் கேட்டுவிட்டு அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது என் கொரல் இல்லணா" என்றான். கானாவில் அந்த வழுக்கல்தான் பாட்டு என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. அதனால்தான் மூன்று வழிகாட்டிகளும் மூன்று விதமாக இருக்க வேண்டும் என்கிறேன். மாதம் ஒரு முறை எல்லா ஜோடிகளும் கீழே கூடி, பாதி முடிந்த பாட்டுகளைப் போட்டுக் கேட்க வேண்டும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் கிட்டாரும் ஒரே மேடையில் அவரவர் குரலோடு நின்றன. எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். எந்தப் பாட்டு எந்த வகை என்ற கவலை அவர்களுக்கு இல்லை, எங்களுக்குத்தான் இருக்கிறது.

இரண்டாவது குறை, வழிகாட்டி வராமல் போவது. இசைக்காரர்களுக்குச் சனி ஞாயிறுதான் கச்சேரி. வைகாசியிலும் தையிலும் முகூர்த்தம் குவியும். ஒரு கல்யாண ரிசப்ஷனை விட்டுவிட்டு இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வா என்று யாரையும் எத்தனை வாரம் கேட்க முடியும்? திறந்த கதவில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் சமாளிப்பார். இங்கே இரண்டு பிள்ளைகள் படியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாவது வாரம் அவர்கள் வர மாட்டார்கள். டென்வர்க்காரர்கள் சம்பளம் கொடுப்பதன் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. எங்கள் டிரஸ்ட் பெரிய தொகை கொடுக்க முடியாது. ஆனால் வாங்க நினைத்த இரண்டாவது ஜோடி ஸ்பீக்கரை விட்டுவிட்டு அந்தக் காசை மூன்று வழிகாட்டிகளுக்கும் போக்குவரத்துச் செலவும் ஒரு சிறு தொகையுமாகக் கொடுப்போம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இலவசம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

பாட்டு யாருடையது

எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள், அப்போது காலம் கடந்திருக்கும்.

நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு பையன் எழுதிப் பாடிய பாட்டு, பணம் கொடுத்து ஆதரித்த ஒரு நிறுவனத்தின் யூடியூப் சேனலில் ஏறியது. நல்லெண்ணத்தில்தான் ஏற்றினார்கள். நன்றாகவும் ஓடியது. இரண்டு வருடம் கழித்து அவன் தன் பேரில் ஒரு சேனல் தொடங்கி அதே பாட்டைப் போட்டான். அவன் பாட்டுக்கு அவன்மேலேயே உரிமைக் கோரிக்கை வந்தது. அந்தச் சேனலை நடத்தியவர்கள் அதற்குள் மாறிப்போயிருந்தார்கள். யாரிடம் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு காகிதம்கூட எழுதி வைக்காதது எங்கள் தப்பு.

சட்டம் இங்கே எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும். ஒலிப்பதிவு தனிச் சொத்து. அதன் உரிமை தயாரிப்பாளருக்கு, அதாவது பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவருக்கு. கவனியுங்கள்: அறை எங்களுடையது, மைக் எங்களுடையது, திட்டம் எங்களுடையது. ஒன்றும் எழுதி வைக்காவிட்டால் அந்தத் தயாரிப்பாளர் டிரஸ்ட்தான் என்று யாராவது வாதாட இடமிருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர் போடுகிற ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆகவே பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோதான் கையெழுத்து வாங்க வேண்டும். பாடல் எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று 2012-இல் வந்த திருத்தம் சொல்கிறது. இந்த ஒன்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் மாதமே சொல்லிக்கொடுக்க வேண்டும்; நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரர் வந்து எதை நீட்டினாலும் அதுவாவது நினைவில் இருக்கும்.

பீட் விஷயமும் இதோடு சேர்ந்தது. பிள்ளைகள் இணையத்திலிருந்து ஏதோ ஒரு பீட்டை இறக்கி அதன்மேல் பாடுவார்கள், அல்லது சினிமா மெட்டில் புது வார்த்தை போடுவார்கள். கானாவில் அது பழைய பழக்கம், பழகுவதற்கு நல்லதும்கூட. ஆனால் வெளியிடுகிற பாட்டுக்குத் தாளம் அவர்களே உருவாக்கியதாக இருக்க வேண்டும். மேசையைத் தட்டிப் பதிந்தால்கூடப் போதும். போனில் பேண்ட்லேப் என்ற செயலியில் ஒரு பிள்ளை போட்டுக்கொண்டு வருகிற பீட்டும் சரிதான், அது அந்தப் பிள்ளையுடையதாக இருந்தால்.

ஒரு தடம், அதாவது ஒரு குரலையோ ஒரு கருவியையோ தனியாகப் பதிந்தது, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி. நான்கு நிமிடப் பாட்டில் பத்துத் தடம் என்றால் 350 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. சின்னப் பென் டிரைவில் அடங்கும். ஆகவே சுற்று முடிகிற நாளில் பிள்ளையின் கையில் முடிந்த பாட்டை மட்டும் கொடுக்கக் கூடாது, எல்லாத் தடங்களையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். நாளைக்கு வேறு ஒருவரிடம் போய்க் குரலை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக மிக்ஸ் செய்ய அது உதவும். நாங்கள் இல்லாமலேயே.

நாங்கள் எடுத்த முடிவு

நாலையும் பேசிப் பேசி இப்போதைக்கு இப்படி நிற்கிறோம். ஜூனில் நான்கு ஜோடிகளோடு முதல் சுற்று. ஐந்தாவது வேளை, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம், திறந்த கதவு; அதில் பதிவே கிடையாது, கருவிகளைத் தொடலாம், கேட்கலாம், மற்றவர்கள் பதிந்ததைப் பற்றிப் பேசலாம். அடுத்த சுற்றுக்கான பிள்ளைகள் அங்கிருந்துதான் வருவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஜோடி பெண்பிள்ளைகள், அவர்களுக்குக் காலை வேளை. மே மாதம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் முகாம். அதில் தொடர விரும்புகிறவர்களுக்கு ஜூன் சுற்றில் முதல் இடம். பை இரண்டாம் வருடம், ஆடியில்.

பெற்றோருக்கு நாங்கள் கொடுக்கப்போகிற காகிதத்தை அக்கா கைப்பட எழுதியிருக்கிறார், நான்கே வரி. பாட்டும் பதிவும் உங்கள் பிள்ளையுடையது. நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் எங்கும் போட மாட்டோம். எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவோம். அறையில் உங்கள் பிள்ளை எந்தப் பெரியவரோடும் தனியாக இருக்காது. இதையே டிரஸ்ட்டின் தீர்மானமாகவும் நிறைவேற்றி, ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு மாலைப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. நிலைப்படியில் நின்று தட்டிக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. கச்சேரிகளுக்கு டோலக் வாசிக்கப் போகிறான். போன வாரம் அறையைப் பார்க்க வந்தான். மைக், ஸ்பீக்கர் எதையும் கேட்கவில்லை. நேராகக் கதவுக்குப் போய் விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினான். "உள்ள காலியா இருக்குணா, சத்தம் பூரா வெளிய போயிடும். கட்டைக் கதவா போடு. நடுவுல கண்ணாடி வெச்சு" என்றான். தச்சர் செவ்வாய்க்கிழமை அளவெடுக்க வருகிறார்.